ஓர் இரவும் ஒரு பகலும் எரியும் விளக்கு
(வானொலி மறையுரை)



இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் இந்த நவம்பர் மாதத்தில், யூத இல்லங்களில் ஏற்றப்படும் ஒரு சிறு விளக்கைப் பற்றிச் சிந்திப்போம். 1986ஆம் ஆண்டு உரோமைத் தொழுகைக்கூடத்துக்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், யூத மக்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். மூத்தவர்களிடம் இளையவர்கள் கற்றுக்கொள்ள எப்போதும் ஏதேனும் இருக்கும்.

அந்த விளக்கை 'யார்ட்சைட்' விளக்கு என்பார்கள். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அச்சொல் ஒருவர் இறந்த ஆண்டு நாளைக் குறிக்கும். எபிரேய நாட்காட்டியின்படி தாயோ தந்தையோ இறந்த நாள் திரும்பி வரும்போது, முந்தைய மாலை கதிரவன் மறையும் வேளையில் அதை ஏற்றுவார்கள். யூதர்களுக்கு நாள் தொடங்குவது மாலையில்தான். மெழுகு ஏறக்குறைய 24 மணி நேரம் எரியும். தானாக எரிந்து முடியும்வரை விட்டுவிடுவார்கள். மனிதருடைய உயிர் மூச்சை ஆண்டவரின் விளக்கோடு ஒப்பிடும் நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரம் இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடிக் குவளையே போதும். ஆனாலும் வெள்ளியிலும் பித்தளையிலும் களிமண்ணிலும் கைவினைஞர்கள் அழகான விளக்குத் தாங்கிகளைச் செய்கிறார்கள். கடவுளுக்காகச் செய்வதை அழகாகச் செய் என்பது ரபிகளின் போதனை. விடுதலைப்பயணம் 15:2க்கு அவர்கள் அப்படி விளக்கம் தந்தார்கள். அழகுக்காகக் கூடுதலாகச் செலவிட மூன்றில் ஒரு பங்கு என்று அளவும் வைத்தார்கள். அதே நூலில் ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்த கைவினைஞர் பெட்சலேல். 1906இல் எருசலேமில் போரிஸ் ஷாட்ஸ் தொடங்கிய கலைப்பள்ளி அவர் பெயரையே தாங்கியது. பிற்காலத்தில் அங்கே கற்பித்த லுட்விக் வோல்பர்ட், வழிபாட்டுப் பொருள்களில் எபிரேய எழுத்துகளையே அலங்காரமாக்கிப் புகழ்பெற்றார்.

விளக்குத் தாங்கி செய்பவர் எதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்? இரவு முழுவதும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். வீட்டார் உறங்கும்போதும் சாயாமல் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெழுகு வைக்க நடுவே இடம் விட வேண்டும். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். தாங்கி எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த மாலையில் பிள்ளையின் கை வந்து ஏற்றினால்தான் அது விளக்கு.

விளக்கோடு செபமும் உண்டு. அரமேய மொழியிலுள்ள 'கதிஷ்' என்னும் அச்செபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முழுவதும் கடவுளின் புகழ்ச்சியே. வயது வந்த பத்துப் பேராவது கூடாமல் அதைச் சொல்வதில்லை. எனவே துயரப்படுகிறவர் வீட்டுக்குள் தனியே முடங்கிக் கிடக்க முடியாது. மற்றவர்களும் அவரைத் தனியே விட முடியாது.

ஆனால், இறந்த நாளே தெரியாதவர்களுக்கு என்று விளக்கேற்றுவது? நாசிகள் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றார்கள். எத்தனையோ பேருக்குக் கல்லறையும் இல்லை, நாளும் இல்லை. அவர்களுக்காக இஸ்ரயேலின் தலைமை ரபி மன்றம், தேவேத்து மாதத்தின் பத்தாம் நாளைப் பொது நினைவு நாளாகக் குறித்தது. நாள் அறியாத பிள்ளைகள் அன்று கதிஷ் சொல்லி விளக்கேற்றுகிறார்கள்.

அன்பானவர்களே, இறந்தோருக்காகச் செபிக்கும் நம் வழக்கமும் அந்த மக்களிடமிருந்தே வந்தது. போரில் மடிந்த வீரர்களுக்காக யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் மட்டும் கொடுக்கவில்லை; எல்லாரிடமும் திரட்டினார்.

நம் கல்லறைத் தோட்டத்திலும் பெயர் அழிந்த சிலுவைகள் உண்டு. யாரும் தேடி வராத கல்லறைகள் உண்டு. இந்த மாதம் நம்மவர்களுக்காக மெழுகுதிரி வாங்கும்போது, கூடுதலாக ஒன்று வாங்குவோம். பிள்ளைகளையும் கூட்டிச் சென்று, அவர்கள் கையாலேயே அதை ஏற்றச் சொல்வோம். பெயர் தெரியாவிட்டால் என்ன, ஆண்டவருக்குத் தெரியும். அங்கே நின்று ஒரு செபம் சொல்லிவிட்டு வீடு திரும்புவோம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.