கொள்கைக்கு ஓட்டா? காரியத்துக்கு ஓட்டா?



தேர்தல் வந்துவிட்டால் வெள்ளறடைப் பக்கத்துச் சாயாக்கடைகளில் இப்படி ஒரு பேச்சு கேட்கும்.

"நம்ம கொள்கைக்காரர் ஜெயிக்க மாட்டார் அண்ணே. ஓட்டு வீணாகும். ஜெயிக்கிற கட்சிக்குப் போட்டால் ரோடாவது வரும்" என்பார் ஒருவர்.

"ரோட்டுக்காக மனசை மாற்ற முடியுமா தம்பி?" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. இந்த எல்லைப் பகுதியின் வரலாறே அதைச் சொல்கிறது.

1956-க்கு முன் பாறசாலை, நெய்யாற்றின்கரை, நாகர்கோவில் எல்லாம் ஒரே மாநிலத்தில் இருந்தன. அதன் பெயர் திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி கேட்டது. அதுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் பெரிய தலைவர் நேசமணி.

1952 தேர்தலில் சட்டசபைக்கு 108 இடங்கள். இந்தக் கட்சிக்குக் கிடைத்தது 8 இடம். எட்டுப் பேரால் என்ன முடியும்?

முடிந்தது. காங்கிரசுக்கு 44 இடம்தான் கிடைத்தது. ஆட்சி நடத்த 55 பேர் வேண்டும். எனவே இந்த எட்டுப் பேரின் ஆதரவு தேவைப்பட்டது. கொள்கைக்காக வென்றவர்கள் காரியம் பார்த்து ஆதரவு தந்தார்கள். ஆனால் கோரிக்கை நிறைவேறவில்லை. 1953-இல் ஆதரவை விலக்கினார்கள். மந்திரிசபை கவிழ்ந்தது.

1954-இல் மீண்டும் தேர்தல். இம்முறை 12 பேர் வென்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. போராடியவர்கள் உயிர் இழந்தார்கள்.

1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. கொள்கைக்கு விழுந்த ஓட்டு வீண் போகவில்லை.

ஆனால் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. வெள்ளறடையும் இந்தப் பக்கமே நின்றது. பிறகு அந்தக் கட்சி காங்கிரசோடு கலந்துவிட்டது. இங்கே தங்கிய தமிழர்கள் இனி யாருக்கு ஓட்டுப் போடுவது?

அவர்கள் இருக்கிற கட்சிகளுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ரோடு, குடிநீர், ரேஷன், மரச்சீனிக்கும் ரப்பருக்கும் விலை ஆகியவற்றைப் பார்த்து ஓட்டுப் போடுவது தப்பு அல்ல. வயிறும் ஒரு நியாயம்தான்.

ஆனால் கொள்கையை மறந்துவிடவும் கூடாது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க அரசு வசதி செய்ய வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. 1956-இல்தான் இதுவும் வந்தது. எல்லை மாறவில்லை, ஆனால் இந்த உரிமை இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், "எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் ஆசிரியர் உண்டா?" என்று கேட்கலாம். பத்து வீடு சேர்ந்து கேட்டால் அவர் நின்று பதில் சொல்வார்.

காரியத்துக்கு ஓட்டு என்றால் காசுக்கு ஓட்டு என்று பொருள் அல்ல. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம். வாங்குவதும் குற்றம்.

யாரையும் பிடிக்கவில்லை என்றால், சட்டசபைத் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் 2013 முதல் 'நோட்டா' பொத்தான் உண்டு. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார். இதையும் தெரிந்துகொண்டு அழுத்த வேண்டும்.

கொள்கைக்குப் போடுகிறவர் தனியாகப் போட்டால் போதாது. பலரைச் சேர்க்க வேண்டும், பொறுத்திருக்கவும் வேண்டும். காரியத்துக்குப் போடுகிறவர் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. சொன்ன காரியம் நடந்ததா என்று ஐந்து வருஷமும் கேட்க வேண்டும்.

உங்கள் ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. எதற்காகப் போட்டோம் என்பது மட்டும் உங்கள் மனதுக்குத் தெளிவாக இருக்கட்டும்.