கூடம் இருந்தால்தான் குடும்பம் கூடும்

("வெளிநாட்டில் உறவுகள் சேர்ந்து தங்க ஏற்றது ஹோட்டல் அறையா? சமையலறையுள்ள அபார்ட்மென்டா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், அபார்ட்மென்ட் அணியில் பேசிய சிங்கப்பூர்வாழ் குடும்பத் தலைவியின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி, "லீவுக்குப் போன இடத்திலும் பொம்பளைங்க கரண்டி பிடிக்கணுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நல்ல கேள்வி. அவர் மனைவி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் கரண்டி யார் கையில் என்று நடுவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வேண்டும். (சிரிப்பு)

கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன், எங்களை மாதிரிக் குடும்பங்கள் ஏன் ஜொகூர் பாருவில் போய்க் கூடுகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு 80 வயது. ஊரிலிருந்து அப்பா, அம்மா, பெரியண்ணன் குடும்பம். சென்னையிலிருந்து சின்னண்ணன் குடும்பம். கோலாலம்பூரில் அக்கா குடும்பம். எங்களையும் சேர்த்தால் 13 பேர். நாங்கள் இருப்பது வீவக வீடு. ஹாலில் நான்கு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் குளியலறைக்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சரி, பக்கத்தில் ஒரு வீட்டை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்றால் சிங்கப்பூரில் சட்டம் விடாது. தனியார் வீட்டைக்கூட மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. வீவக வீடு என்றால் ஆறு மாதம். சர்வீஸ் அபார்ட்மென்டில்கூட குறைந்தது ஏழு நாள்.

பாலத்தைத் தாண்டினால் ஜொகூர். 1924ல் முறைப்படி திறந்த பாலம், நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். (சனிக்கிழமை காலையில் அந்த ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.) அக்கா கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவாள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா விலக்கு தருகிறது. 2026 கடைசி வரை அதை நீட்டித்து அறிவித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நடுவில் ஓர் ஊர். அங்கே ஒரே மாடியில் எதிரெதிரே இரண்டு அபார்ட்மென்ட் எடுத்தோம். ஆளுக்கு மூன்று படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, வாஷிங் மெஷின்.

இப்போது கரண்டிக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. காலை ஐந்தரைக்குக் கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போட வேண்டும். ஹோட்டலில் காலைச் சாப்பாடு திறக்கும் வரை அவர் வெறும் வயிற்றோடு கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அக்கா மகளின் குழந்தைக்கு எட்டு மாதம். ராத்திரி ஒரு மணிக்குப் பால் புட்டியை வெந்நீரில் போட ரூம் சர்வீஸைக் கூப்பிட முடியுமா? சமையலறை இதற்குத்தான். 13 பேருக்குச் சாம்பார் வைப்பதற்கு இல்லை.

நான் கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்: இட்லிப் பாத்திரம் கொண்டுவரக் கூடாது. காலையில் கஞ்சி, காபி மட்டும். மற்றவர்களுக்கு மாமாக் கடை ரொட்டி சானாய், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. பாத்திரம் கழுவுவது ஆண்கள். அம்மா முதல் நாளே மீறப் பார்த்தார். பையைத் திறந்தால் ஒரு கிலோ இட்லி ரவை! அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆகவே தம்பி, கரண்டி யார் பிடிக்கிறார்கள் என்பது அடுப்பு இருப்பதால் முடிவாவதில்லை. முன்கூட்டியே பேசிவைக்காததால் முடிவாகிறது.

பெரியண்ணனும் சின்னண்ணனும் ஊர் வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து நான்கு வருஷமாகப் பேச்சில்லை. ஹோட்டல் என்றால் ஒருவர் ஏழாம் மாடி, ஒருவர் பன்னிரண்டாம் மாடி என்று அறை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு மட்டும் வந்து நின்றிருப்பார்கள். கதவைச் சாத்தினால் விஷயம் முடிந்தது. இங்கே சாத்த முடியாத இடம் அந்த ஹால்தான். முதல் இரண்டு நாள் ஒருவர் வந்தால் மற்றவர் பால்கனிக்குப் போனார். மூன்றாம் நாள் ராத்திரி சிங்க் அடைத்துக்கொண்டது. பாத்திர முறை பெரியண்ணனுடையது. தண்ணீர் தரைக்கு வழிகிறது. சின்னண்ணன் எழுந்து போய், "கீழே அந்த வளைஞ்ச குழாயைக் கழட்டு, நான் பக்கெட் பிடிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். அப்பா மட்டும் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். (கைதட்டல்)

மறுநாள் 1922ல் தொடங்கிய ராஜகாளியம்மன் கோவிலுக்கு, எல்லோரும் கண்ணாடிக் கோவில் என்கிறார்களே அங்கே, அப்பா பெயரில் அர்ச்சனை. இரண்டு அண்ணன்களும் ஒரே காரில் வந்தார்கள். பாகப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, அது இன்னும் வக்கீலிடம் இருக்கிறது.

அப்பா பால்கனியில் நின்று குளுவாங் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவருடைய பெரியப்பா அங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். 1938ல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது; அதற்கு முன்னால் வந்தவர், திரும்பவில்லை. லயத்து வீட்டில் இருந்தவரின் தம்பி மகன் பதினெட்டாம் மாடியில் நிற்கிறார்.

எதிரணி ஒன்றில் சரியாகச் சொன்னது. போனில் படத்தைப் பார்த்து ஏதோ ஒரு கட்டடத்தில் பணம் கட்டினால் வாசலில் காவலாளி மறிப்பான். குறுகிய கால வாடகையைக் கட்டட நிர்வாகம் விதி போட்டுத் தடுக்கலாம் என்று மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் 2020ல், மோன்ட் கியாரா வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தக் கட்டடம் அனுமதிக்கிறதா, எத்தனை பேர் வரை, லிஃப்ட் கார்டு எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது அபார்ட்மென்டுக்கும் உண்டு, மறைக்கவில்லை.

அடுத்து வரும் எதிரணி அம்மா வாடகைக் கணக்குப் பேசப்போவதாகச் சொன்னார்கள். பேசட்டும். 13 பேருக்கு ஹோட்டலில் எத்தனை அறை, ராத்திரி பத்து மணிக்குப் பிறகு அந்த 13 பேரும் உட்கார எந்த இடம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.