பூட்டுப் பெட்டியும் கூட்டு வட்டியும்
(நம் சங்கத்தின் கோடை முகாம் தொடர்பான பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் இருந்தவன், நேரத்துக்குக் கவுண்டரை மூடிவிடுவேன்.

'எஸ்கேப் ரூம்' விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குழுவாக ஓர் அறைக்குள் போய், ஒளித்து வைத்த குறிப்புகளைத் தேடி, புதிர்களை விடுவித்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தக்காவோ கட்டோ என்பவர் நடத்திய விளையாட்டிலிருந்து இது பரவியது. வகுப்பறைக்கு வந்தபோது பல ஆசிரியர்கள் அறைக்குப் பதில் ஒரு பெட்டியைப் பூட்டினார்கள். பாடத்துக் கணக்கின் விடைதான் பூட்டின் எண்.

போன மாதம் நம் கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரை வைத்து நடத்திப் பார்த்தேன். மூன்று இலக்கப் பூட்டு. 4000 ரூபாய், 10 சதவீதம், 2 ஆண்டு. கூட்டு வட்டி எவ்வளவு? அவசரத்தில் தனி வட்டி போட்டு 800 வைத்தார்கள். திறக்கவில்லை. யாரும் திட்டவில்லை, சிவப்பு மையால் சுழிக்கவும் இல்லை. பூட்டு சும்மா இருந்தது, அவ்வளவுதான். உடனே தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு விவாதிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் ஆண்டு வட்டிக்கும் வட்டி உண்டு, 40 ரூபாய் கூடும், விடை 840. கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுகிற அதே கணக்கு.

ஆனால் அதற்குள் ஒரு பையன் 999-லிருந்து ஒவ்வோர் எண்ணாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, டக்கென்று திறந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதுதான் என் தப்பு. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி முதல் ஆண்டுக்கு 4400 என்று சரியாக எழுதியிருந்தாள். அடுத்த வரி எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

எங்கள் கிளையில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று தலைமைக் காசாளரிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. இந்த முறை அதே ஏற்பாடுதான். மூன்று பேருக்கு ஒரு பெட்டி, குறிப்பு மூன்று துண்டாக ஆளுக்கொன்று. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டாமல் பூட்டைத் தொடக்கூடாது. வவுச்சர் இல்லாமல் பணம் கிடையாது. பெட்டி திறந்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, விடை எப்படி வந்தது என்று பேச வேண்டும். அதிகம் பேசாத பிள்ளைதான் முதலில் சொல்ல வேண்டும்.

கதவையும் பூட்டினால்தான் த்ரில் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மன்னிக்கவும், முடியாது. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, 15 வயதுப் பெண்கள் 5 பேர் இறந்தார்கள். நம் கூடத்தின் இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.

அந்தச் சிறுமி இம்முறை பெயர் கொடுக்கவில்லை. நேற்று லிஃப்டில் பார்த்துக் கேட்டேன். "யோசிக்கிறேன் தாத்தா" என்றாள். அவளுக்காக ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறேன்.

வீட்டில் பழைய எண் பூட்டுகள், சூட்கேஸ் பூட்டானாலும் சரி, இருந்தால் செக்யூரிட்டி அறையில் கொடுங்கள். நான்கு இலக்கமாக இருந்தால் ரொம்ப நல்லது.