உதட்டு வீக்கமும் ஒரு குளிசையும்



குருதியமுக்கத்துக்கு நாள்தோறும் குளிசை எடுக்கும் ஒருவர் காலையில் கண்ணாடியைப் பார்க்கின்றார். மேலுதடு ஒரு பக்கமாகத் தடித்திருக்கின்றது. நோவில்லை, சொறியுமில்லை. நேற்றைய இறாற் கறிதான் இதனைச் செய்தது என்று வீட்டார் தீர்ப்புக் கூறுகின்றனர். ஒவ்வாமைக் குளிசை ஒன்றை விழுங்குகின்றார். ஓரிரு நாளில் வீக்கம் வற்றிவிடுகின்றது. குருதியமுக்கக் குளிசையோ வழமைபோல் தொடர்கின்றது.

அக்குளிசையின் பெயர் எனலாப்பிரில், கப்டோப்பிரில், லிசினோப்பிரில் என்றவாறு 'பிரில்' என முடியுமாயின், முதலில் ஐயுற வேண்டியது அதனையே.

இம்மருந்துகளின் பிறப்பு சுவையானது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்னும் விரியனின் நஞ்சை ஆராய்ந்த ரோச்சா இ சில்வா குழுவினர், பிராடிகைனின் என்னும் பொருளைக் கண்டறிந்து 1949இல் வெளியிட்டனர். குருதிக் குழாய்களை விரியச் செய்வது அது. உடலில் அது சிதைவதைத் தடுக்கும் கூறுகள் அந்நஞ்சிலேயே உண்டென்பதை 1965இல் பெரெய்ரா என்பவர் வெளியிட்டார். அந்த வழியில் பிறந்ததே கப்டோப்பிரில். குளிசையில் பாம்பு நஞ்சு இருக்கின்றதோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நஞ்சு செய்யும் வேலையைப் பார்த்து இரசாயனிகள் ஆக்கிய பொருளே அது.

சிதையாது தேங்கும் இந்தப் பிராடிகைனின், ஆயிரம் பேரிற் சிலருக்குக் குழாய்களிலிருந்து நீரைக் கசியவிடுகின்றது. உதடு, நாக்கு, கன்னம் வீங்குகின்றன. சாதாரண ஒவ்வாமைக்குக் காரணமான ஹிஸ்டமின் இங்கே குற்றவாளி அன்று. ஆதலால் ஒவ்வாமைக் குளிசை பெரும்பாலும் பயன் தராது. வீக்கம் தானாகவே வற்ற, புகழ் அக்குளிசைக்குப் போய்ச் சேருகின்றது!

பல ஆண்டுகளாக எடுத்த மருந்துதானே என்று வாதிடுவோர் உளர். முதல் வாரங்களில் வருவது மிகுதியெனினும், ஆண்டுகள் கழிந்தும் இவ்வீக்கம் வரலாம். மருந்தைத் தொடர்ந்தால் மீண்டும் வரலாம். அப்போது நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சை அடைத்தலும் கூடும். குரல் மாறினாலோ, உமிழ்நீரை விழுங்க இயலாவிட்டாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு கணமும் தாமதியாது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உதடு மட்டும் வீங்கினாலும், அடுத்த குளிசையை விழுங்காமல் அன்றே வைத்தியரைக் காணுங்கள். அவர் வேறு வகை மருந்தைத் தெரிந்து தருவார்.

இதனைக் கேட்டு, வீக்கம் எதுவுமில்லாதோர் தம் குளிசையை நிறுத்திவிடலாகாது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் நல்ல மருந்து அது.

வலிப்பு நோய்க்குரிய பெனிற்றோயினும், குருதியமுக்கத்துக்குரிய நிபெடிப்பீனும் அம்லோடிப்பீனும் சிலருக்கு முரசை வளரச் செய்வதுண்டு. அது மெல்ல வருவது; வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் ஆறுதலாகக் காட்டலாம். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துதல் மட்டும் ஆபத்து.

'பிரில்' மருந்தால் ஒருமுறை முகம் வீங்கியவர், அவ்வினத்தில் எதனையும் மீண்டும் எடுத்தலாகாது. கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் அதனைச் சிவப்பு மையால் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வேறு வைத்தியரிடம் செல்லும்போதும் அக்கொப்பி கையில் இருக்கட்டும்.