மணிமுத்தாற்றின் மேலே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விடுமுறையில் நமது காஞ்சன்பாக் குடியிருப்பிலிருந்து நான்கு குடும்பத்தார் நெல்லைச் சீமைக்குச் சென்று வந்தோம். கண்டவற்றை இவ்வவையில் எடுத்துரைக்குமாறு செயலாளர் பணித்தார். பொருநையின் பெருமை பேசுவோர் பலர் உளர். நாங்கள் அதன் துணையாறாகிய மணிமுத்தாற்றைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

மணிமுத்தாற்று அணையையும் அருவியையும் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றுக்கு மேலே, அந்நீர் பிறக்கும் மழைக்காட்டுக்கு வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லல் வேண்டும். வளைந்து வளைந்து ஏறும் குறுகிய பாதை. அடிவாரத்தில் முட்புதர்கள்; ஏற ஏற, வெயில் தரையில் விழாத அடர்காடு. கால்களில் அட்டைகள் ஏறின. உப்புப் பொட்டலத்தை விடுதியிலேயே மறந்து வந்தவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை!

கக்காச்சிக்கு அருகே சிங்கவால் குரங்குகளைக் கண்டோம். கரிய உடல், முகத்தைச் சூழ்ந்த சாம்பல் நிறப் பிடரிமயிர், வால் நுனியில் சிறு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. பெரும்பாலும் மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது. ஆதலால் காட்டினிடையே தோட்டம் குறுக்கிட்டால் ஒரு கூட்டம் மற்றொன்றினின்று துண்டிக்கப்படுகிறது. வெடிப்பலாவின் முள் நிறைந்த காயைத் தாய் பிளந்து தின்ன, குட்டி அதன் வயிற்றைப் பற்றிக்கொண்டு எங்களை உற்றுப் பார்த்தது. இவ்வினத்தைக் காக்கவே 1976இல் களக்காடு சரணாலயம் ஏற்பட்டது. 1962இல் அமைந்த முண்டந்துறையுடன் அது இணைந்து, 1988இல் தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகமாயிற்று.

அக்காட்டின் நடுவேதான் மாஞ்சோலை முதலிய தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது பம்பாய் பர்மா வணிகக் கழகம். காட்டை வெட்டிச் செடி நட்ட கைகள், சமவெளியிலிருந்து ஏறிச் சென்ற ஏழை மக்களுடையவை. ஜமீன் ஒழிந்து நிலம் அரசைச் சேர்ந்த பின்னும் குத்தகை தொடர்ந்தது. 2018இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024இல் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளித்துத் தோட்டத்தை மூட நிறுவனம் முற்பட்டது. அரசின் தேயிலைக் கழகம் தோட்டத்தை ஏற்று நடத்தவேண்டும் என்று தொழிலாளர் வேண்டினர். அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

காடு மீள்வது நன்று என்றே நாங்கள் எண்ணியிருந்தோம், இன்றும் எண்ணுகிறோம். ஆயினும் லயன் வீடுகளின் வரிசையில் பூட்டிய கதவுகளைக் கண்டபோது பேச்சு எழவில்லை. திறந்திருந்த ஒரு வீட்டின் முதியவர் எங்களுக்குத் தேநீர் அளித்தார்.

"உங்கள் வீடு எங்கே, ஐயா?" என்று வினவினார்.

"ஐதராபாத்தில், அலுவலகக் குடியிருப்பில்."

"ஓய்வு பெற்ற பின்?"

"காலி செய்துவிட வேண்டியதுதான், அண்ணாச்சி. சொந்த ஊருக்குப் போவோம்."

"உங்களுக்குப் போக ஓர் ஊர் இருக்கிறது. நான் பிறந்ததே இந்த வீட்டில்தான்" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். சாவி கொடுக்கும் நாளை நம் வீடுகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! அவருக்கு மறுமொழி கூற எங்களால் இயலவில்லை.

திரும்பும் வழியில் நெல்லையில் பொருநைக் கரையில் நின்றோம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்க்காக மனுக் கொடுக்கச் சென்ற ஊர்வலத்தின்மீது காவலர் தடியடி நடத்த, ஆற்றில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் மாண்ட இடம் அது. நீராட இறங்கிய சிறுவர்கள், நாங்கள் ஏன் பேசாமல் நிற்கிறோம் என்று கேட்டனர். கரையில் அமர்த்தி, மலையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லி முடிக்குமுன் இருட்டிவிட்டது.