கை கழுவாதவர்



1956 நவம்பர் 23. விடியற்காலை. இங்கே கல்லங்குறிச்சிக்குப் பக்கத்து அரியலூரில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. மழை அவர் சொல்லிப் பெய்யவில்லை. பாலமும் அவர் கட்டியதல்ல. அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கடிதம் கொடுத்தார், விலகினார்.

அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் அவரை நினைக்கும்போது எனக்குப் பிலாத்துவின் நினைவு வருகிறது. இயேசு குற்றமற்றவர் என்று தெரிந்தும், கூட்டத்துக்கு அஞ்சி, தண்ணீர் கேட்டுக் கை கழுவியவன். இன்று அரசியலில் அந்த வழக்கம்தான் நடைமுறை. முந்தைய ஆட்சியின் தவறு, கீழே உள்ள அதிகாரியின் தவறு! கட்சிக்காரர்களை மட்டும் சொல்வானேன்? திருப்பலியின் தொடக்கத்தில் நம் மார்பில்தான் தட்டிக்கொள்கிறோம். வெளியே வந்ததும், பங்குப் பேரவைக் கணக்கில் ஒரு தொகை இடித்தால், யாரை நோக்கி விரல் நீட்டுகிறோம்?