கூடம் கோணல்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொட்டுகிற பனியில் காரை நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மினசோட்டா வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கல்லூரி ஐஸ் ஹாக்கியில் கோப்பை வாங்கித் தராத பயிற்சியாளரை மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பது தலைப்பு. மாற்றியே தீர வேண்டும் என்று எதிரணித் தலைவர் முழங்கினார். தோற்ற பயிற்சியாளர்கள் சொல்லும் சமாதானங்களை அடுக்கிக் காட்டி, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஐயா, இந்த ஆட்டத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்!

அக்டோபரில் ஆரம்பித்து மார்ச் வரை ஓர் அணி முப்பத்தைந்து, நாற்பது ஆட்டம் ஆடுகிறது. அதன் பிறகு தேசியப் போட்டிக்கு 16 அணிகள். அங்கே ஒரே ஓர் ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தொழில்முறை லீகான என்ஹெச்எல்லில் கூட ஒரு சுற்றுக்கு ஏழு ஆட்டம் வரை வாய்ப்பு உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. பன்னிரண்டு வருடப் படிப்பை ஒரே நாள் நுழைவுத் தேர்வில் எடைபோடுவது அநியாயம் என்று ஊருக்குப் போன் போட்டுக் கொதிக்கிறோமே, அந்தக் கொதிப்பு ஹாக்கி அரங்கத்துக்குள் நுழைந்ததும் எங்கே போகிறது?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். நார்த் டகோட்டா பல்கலைக்கழகம், எட்டு தேசியக் கோப்பை வென்ற அணி. டேவ் ஹாக்ஸ்டல் அங்கே 11 பருவம் பயிற்சியாளராக இருந்தார். ஏழு முறை கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுவந்தார். கோப்பை மட்டும் வரவில்லை. உடனே, "பெரிய ஆட்டத்தில் கை நடுங்குகிறவர்" என்று முத்திரை குத்தினோம். 2015-ல் அவர் பிலடெல்பியாவின் என்ஹெச்எல் அணிக்குப் போனார். உதவிப் பயிற்சியாளர் பிராட் பெர்ரி மேலே வந்தார். முதல் பருவத்திலேயே, 2016-ல், குவினிபியாக்கை 5-1 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கினார். தலைமைப் பயிற்சியாளரான முதல் பருவத்திலேயே தேசியக் கோப்பை வென்றவர் அவருக்கு முன் யாருமில்லை. அதே பெர்ரியை 2025 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள்!

நடுவில் என்ன நடந்தது? பத்துப் பருவத்தில் நான்கு முறை தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. எதிரணி எடுத்துக் கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐந்து முறை லீக் சுற்றில் முதலிடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2020-ல் 26 வெற்றி, 5 தோல்வி, 4 சமன். கொரோனா வந்து போட்டியையே ரத்து செய்தது. 2017-ல் ஃபார்கோவில் பாஸ்டன் யுனிவர்சிட்டிக்கு எதிராக ஓவர்டைமில் கோல் போட்டார்கள். வீடியோவை ஓட்டிப் பார்த்து ஆஃப்சைடு என்றார்கள். கோல் ரத்து, அடுத்த ஓவர்டைமில் தோல்வி.

2021-ல் மறுபடி ஃபார்கோ, எதிரே நம்ம டுலூத். இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை, 0-2. கோல்கீப்பரை வெளியே இழுத்துக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரனை இறக்கினார் பெர்ரி. ஒன்று போட்டார்கள், அடுத்ததும் போட்டார்கள்! பிறகு ஓவர்டைம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... டுலூத் கோல்கீப்பருக்குத் தசைப்பிடிப்பு வந்து, அவரால் நிற்க முடியாமல் வேறு பையன் வந்து நின்றான். ஐந்தாவது ஓவர்டைமில், நள்ளிரவைத் தாண்டி, டுலூத் அடித்த பக் வலைக்குள் போனது. மொத்தம் 142 நிமிடம் 13 விநாடி. தேசியப் போட்டி வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம். அதில் பயிற்சியாளர் செய்த பிழை என்ன என்று யாராவது எழுந்து சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.

2025-ல் அவர் கடைசியாகத் தோற்றது வெஸ்டர்ன் மிச்சிகனிடம். சில நாளில் வேலை போனது. சில வாரத்தில் அந்த வெஸ்டர்ன் மிச்சிகன் நாட்டுக்கே சாம்பியன்!

ஆளை மாற்றினால் அடுத்த வருடமே விடியும் என்கிறார்கள். விஸ்கான்சினில் 2006 கோப்பை வாங்கித் தந்த மைக் ஈவ்ஸை 2016-ல் அனுப்பிவிட்டு, என்ஹெச்எல்லில் பேர் வாங்கிய டோனி கிரனாட்டோவை உட்கார வைத்தார்கள். ஏழு பருவத்தில் ஒரே ஒரு தேசியப் போட்டி. 2023-ல் அவரையும் அனுப்பினார்கள்.

இரண்டாவதாகப் பேசிய தம்பி டென்வரை இழுத்தார். இழுத்தது எனக்குத்தான் வசதி. 2004, 2005 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கித் தந்த ஜார்ஜ் குவாஸ்டெக்கியை 2013-ல் டென்வர் நீக்கியது. பிறகு 2017, 2022, 2024 என்று மூன்று கோப்பை வந்தது. "பார்த்தீர்களா, மாற்றியதால் வந்த பலன்!" என்றார் தம்பி. அந்தக் கடைசி இரண்டையும் வாங்கித் தந்தவர் யார்? டேவிட் கார்ல். அவர் டென்வருக்கு எப்படி வந்தார் என்பதைத் தம்பி சொல்லவில்லை.

2008-ல் கார்ல் ஆட்டக்காரராக டென்வரில் சேர இருந்த பையன். மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசைக் கோளாறு தெரிந்தது. இனி ஒரு நாளும் ஆட முடியாது. ஆட முடியாத பையனுக்கு எதற்கு உதவித்தொகை என்று கைகழுவியிருந்தால் கேட்பார் யார்? கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, "வா, பெஞ்சில் என்னோடு நில்" என்று மாணவ உதவிப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார் ஒருவர். அவர்தான் குவாஸ்டெக்கி! அந்தப் பையன்தான் 28 வயதில் தலைமைப் பயிற்சியாளரானான். நீங்கள் கொண்டாடும் இரண்டு கோப்பைக்கு விதை போட்டது நீங்கள் துரத்திய கை. ஸ்கோர்போர்டில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா தம்பி?

அப்படியானால் யாரையுமே அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்ப வேண்டும். 2022-ல் மிச்சிகன் கடைசி நான்குக்குள் வந்தது. அதற்கு முந்தைய வருட என்ஹெச்எல் தேர்வில் முதல் ஐந்து இடத்தில் நான்கைப் பிடித்த பையன்கள் ஆடிய அணி அது. அந்த ஆகஸ்டில் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் நீட்டிக்க மறுத்தது. காரணம் தோல்வி அல்ல. பெண் ஊழியர்களை நடத்திய விதம் குறித்த புகார்களும் அவற்றின் மேல் வெளியார் நடத்திய விசாரணையும். அதுதான் அனுப்புவதற்கான காரணம்! அந்த விசாரணை அறிக்கையைப் படித்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? ஃபார்கோவின் ஆஃப்சைடு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதே மிச்சிகனுக்கு 1984-ல் ரெட் பெரன்சன் வந்தார். முதல் மூன்று பருவமும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். பாஸ்டன் காலேஜுக்கு 1994-ல் ஜெர்ரி யார்க் வந்தார். அவருக்கும் அதே மூன்று பருவம், அதே கதை. 1998-ல் பாஸ்டன் நகரில் தேசிய இறுதியாட்டம். ஒரு பெஞ்சில் பெரன்சன், எதிர் பெஞ்சில் யார்க்! ஓவர்டைமில் மிச்சிகன் ஜெயித்தது. யார்க் மேலும் மூன்று வருடம் பொறுத்து, 2001-ல், 1949-க்குப் பிறகு அந்தக் கல்லூரி பார்க்காத கோப்பையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு இன்னும் மூன்று. ஓய்வு பெறும்போது 1,123 வெற்றி. கல்லூரி ஹாக்கியில் அதற்கு மேல் வென்றவர் இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. இது 1997. நீங்கள் பாஸ்டன் காலேஜில் சீசன் டிக்கெட் வாங்கியவர். மூன்று வருடமும் தோற்ற யார்க் எதிரே நிற்கிறார். அனுப்புவீர்களா, மாட்டீர்களா? உங்கள் முறை வரும்போது பழமொழி வேண்டாம்; ஒற்றைச் சொல்லில் பதில் வரட்டும்.